எபிசோடு 47: கண்டங்கள் நகராதுன்னு கடைசி வரை சொன்னவர்

இந்த எபிசோடு எங்க ஆபீஸில் ஓடின ஒரு ஏ/பி டெஸ்டில் இருந்து தொடங்குது. ஆப்பில் ஒரு பட்டனோட நிறத்தை மாத்தினா மக்கள் அதிகமா அழுத்துறாங்களான்னு பார்க்கிற சாதாரண டெஸ்ட். அதுக்கு நாங்க எடுத்த லைப்ரரியோட செட்டிங்ஸில் ஒரு வரி: பிரையர், ஜெஃப்ரீஸ். அதாவது பீட்டா அரை, அரை. யாரோ ஒரு புள்ளியியல் பேராசிரியர் போலன்னு நினைச்சு விட்டுட்டேன்.

சில மாசம் கழிச்சு, ராத்திரி தூக்கம் வராம கண்ட நகர்வு பத்தி ஒரு வீடியோ பார்த்துட்டு இருந்தேன். ஆல்ஃபிரட் வேகனர் கண்டங்கள் நகருதுன்னு சொன்னார், யாரும் நம்பல, அப்புறம் அவர் சொன்னதே சரின்னு ஆச்சு. இந்தக் கதை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அதில் வில்லன் மாதிரி ஒரு பிரிட்டிஷ்காரரைக் காட்டினாங்க. கடைசி வரை ஒத்துக்கவே இல்லையாம். பேரு ஹெரால்ட் ஜெஃப்ரீஸ்.

அதே ஜெஃப்ரீஸா? அதே ஜெஃப்ரீஸ்தான். புது ஆதாரம் வந்தா நம்பிக்கையை எப்படி மாத்திக்கணும்னு கணக்கு எழுதிக் கொடுத்தவர், தன்னோட சொந்தத் துறையில் இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய ஆதாரக் குவியல் வந்தப்போ மாத்திக்கல. இது எப்படி நடந்ததுங்கிறதுதான் இன்னைக்குப் பேச்சு. வெறும் பிடிவாதம்னு முடிச்சிட முடியாது, அதை முதல்லயே சொல்லிடுறேன்.

ஜெஃப்ரீஸ் பிறந்தது 1891-ல், இங்கிலாந்தின் வடகிழக்கில் அப்போ டர்ஹம் மாவட்டத்தில் இருந்த ஃபேட்ஃபீல்ட் என்கிற ஊரில். நிலக்கரிச் சுரங்கப் பகுதி. அப்பா அந்த ஊர்ப் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். நியூகாசிலில் ஆர்ம்ஸ்ட்ராங் கல்லூரியில் படிச்சிட்டு கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குப் போனார். 1914-ல் அந்தக் கல்லூரியின் ஃபெல்லோ ஆனார். 1989-ல் சாகும்போதும் அதே கல்லூரியின் ஃபெல்லோ. 75 வருஷம். நம்ம ஆளுங்க ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனி மாறுவோம். இவர் இடையில் வானிலை அலுவலகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார், 1922-ல் கேம்பிரிட்ஜுக்கே திரும்பினார். கணிதத்தில் விரிவுரையாளர், 1931-ல் புவி இயற்பியலில் ரீடர், 1946 முதல் 1958 வரை வானியலுக்கான ப்ளூமியன் பேராசிரியர். 1953-ல் சர் பட்டம். பாடம் நடத்துறதில் மட்டும் அவர் பேர் வாங்கல. வாய்க்குள்ளேயே முணுமுணுப்பார், முன் வரிசைக்கே கேட்காதுங்கிறது கேம்பிரிட்ஜில் பிரபலம்.

இவர் எவ்வளவு பெரிய ஆள்னு புரிய ரெண்டு வேலையைச் சொல்றேன்.

முதல் வேலை, பூமியின் நடுவில் என்ன இருக்குங்கிறது. பூமிக்கு நடுவில் தனியா ஒரு கரு இருக்குன்னு 1906-ல் காட்டியவர் ரிச்சர்ட் டிக்ஸன் ஓல்டம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர், 1897 அசாம் நிலநடுக்கத்தைத் தோண்டித் துருவி ஆராய்ந்தவர். அந்தக் கரு சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குதுன்னு பிறகு பெனோ குட்டன்பெர்க் கணக்கிட்டார். ஆனா அது கெட்டியா, திரவமா? 1920-கள் வரை பெரும்பாலானவர்கள் கெட்டின்னுதான் நினைச்சாங்க.

ஜெஃப்ரீஸ் 1926-ல் செய்தது எவ்வளவு எளிமைன்னு பாருங்க. நிலா கடலை மட்டும் இழுக்கிறதில்லை, தரையையும் இழுக்குது. நாம நிற்கிற நிலமே தினமும் சில பத்து சென்டிமீட்டர் ஏறி இறங்குது. எவ்வளவு ஏறி இறங்குதுன்னு அளந்தா, முழு பூமியின் சராசரி விறைப்பு தெரிஞ்சிடும். இன்னொரு பக்கம், நிலநடுக்க அலைகளின் வேகத்தை வைத்து, கருவுக்கு வெளியே இருக்கிற மேன்டில் பாறையின் விறைப்பைத் தனியாக் கணக்கிடலாம். ரெண்டையும் பக்கத்தில் வைத்தார். மேன்டில், சராசரியை விட ரொம்ப விறைப்பா இருந்தது.

இது மார்க்‌ஷீட் கணக்குதான். அஞ்சு பாடம். நாலு பாடத்தில் 95 வாங்கியிருக்கீங்க. மொத்த சராசரி 76-ன்னு வீட்டுக்கு வருது. அப்போ அஞ்சாவது பாடத்தில் எவ்வளவு? பூஜ்யம். அம்மா கேட்கிறதுக்கு முன்னாடியே நமக்குத் தெரிஞ்சிடும். அஞ்சாவது பாடம்தான் கரு. விறைப்பு பூஜ்யம்னா திரவம். யாரும் போய்ப் பார்க்க முடியாத இடத்தைப் பத்தி, கணக்கை மட்டும் வைத்து அவர் சொன்ன பதில் சரியாக இருந்தது. திரவக் கருவுக்கு உள்ளே இன்னொரு கரு இருக்குன்னு 1936-ல் இங்கே லேமன் கண்டுபிடித்தது இதற்குப் பிறகு வந்த கதை.

ரெண்டாவது வேலை எனக்கு இன்னும் பிடிச்சது, ஏன்னா அது அப்பட்டமான டேட்டா கிளீனிங். ஒரு நிலநடுக்கம் எங்கே, எப்போ நடந்ததுன்னு கண்டுபிடிக்கணும்னா, அலை எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்னு தெரியணும். அந்த நேரம் தெரியணும்னா, நிலநடுக்கம் எங்கே, எப்போ நடந்ததுன்னு தெரிஞ்சிருக்கணும். கோழியா முட்டையா கணக்கு. ஒரு தோராயமான அட்டவணையை எடுத்து, அதை வைத்து இடங்களைத் திருத்தி, திருத்தின இடங்களை வைத்து அட்டவணையைத் திருத்தி, திரும்பத் திரும்பச் செய்யணும். இன்னைக்கு நாலு வரி லூப். 1930-களில் கையால் இயக்குற கணக்கு மிஷின்.

கூட இருந்தவர் நியூசிலாந்தில் இருந்து படிக்க வந்த கீத் புல்லன். டேட்டாவோ குப்பை. உலகம் முழுக்க நிலையங்கள், சிலதில் கடிகாரம் தப்பு, சிலதில் வேற அலையை பி அலைன்னு குறிச்சு வைச்சிருப்பாங்க. ஒரே ஒரு பெரிய தப்பு மொத்தச் சராசரியையும் இழுத்துட்டுப் போயிடும். சந்தேகமான எண்களைத் தூக்கிப் போடலாமா? போட்டா, நமக்குப் பிடிச்ச பதிலுக்கு ஏத்த மாதிரி டேட்டாவை வெட்டுறோம்னு ஆகிடும். ஜெஃப்ரீஸ் வழி வேற. ஒவ்வொரு எண்ணும் நல்ல அளவீடா இருக்க ஒரு வாய்ப்பு, குப்பையா இருக்க ஒரு வாய்ப்புன்னு மாடல் பண்ணி, கூட்டத்தில் இருந்து விலகி நிற்க நிற்க அதன் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். இன்னைக்கு ரோபஸ்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு தனிப் பாடமே இருக்கிற விஷயம். 1940-ல் வந்த அந்த ஜெஃப்ரீஸ்-புல்லன் அட்டவணையை, உலக நிலநடுக்கப் பதிவுகளைத் தொகுக்கிற சர்வதேச மையம் 2000-களின் நடுப்பகுதி வரை பயன்படுத்தியது. 60 வருஷத்துக்கு மேல ப்ரொடக்‌ஷனில் ஓடின கோட் உங்க யார்கிட்டயாவது இருக்கா?

இந்த மாதிரி குப்பை டேட்டாவோட மல்லுக்கட்டியதும் அவரை நிகழ்தகவு பக்கம் தள்ளியிருக்கும்னு நினைக்கிறேன். ஆனா ஆரம்பம் அதுக்கும் முன்னாடியே. 1919-லிருந்து டோரதி ரிஞ்ச் என்கிற கணிதவியலாளரோட சேர்ந்து ஒரு கேள்வியைத் துரத்தினார்: ஒரு விஞ்ஞான விதியை நாம எந்த அளவுக்கு நம்பலாம்? ஏற்கெனவே இருக்கிற நம்பிக்கை, அதாவது பிரையர். அதோட புதுசா வர்ற டேட்டா. ரெண்டும் சேர்ந்தா திருத்தின நம்பிக்கை. பேயஸ் விதி. அந்தக் காலப் புள்ளியியலில் இது கெட்ட வார்த்தை மாதிரி. ஆர்.ஏ. ஃபிஷர் மாதிரி ஜாம்பவான் எதிர்ப்பக்கம். 1930-களில் ராயல் சொசைட்டியின் இதழிலேயே ரெண்டு பேரும் மாறி மாறி மறுப்பு எழுதினாங்க.

எதுவுமே தெரியலைன்னா என்ன பிரையர் வைக்கிறதுங்கிறது உண்மையிலேயே சிக்கல். 160 கிலோமீட்டர் பயணம், வேகம் 40-லிருந்து 80-க்குள் ஏதோ ஒண்ணு, வேற எதுவும் தெரியாது. எல்லா வேகத்துக்கும் சம வாய்ப்புன்னு வைங்க. 60-க்கு மேல இருக்க வாய்ப்பு பாதி. இப்போ அதே கேள்வியை நேரமாகக் கேளுங்க. 2 மணி நேரத்திலிருந்து 4 மணி நேரம். எல்லா நேரத்துக்கும் சம வாய்ப்பு. 60-க்கு மேல போனா 2 மணி 40 நிமிஷத்துக்குள் போய்ச் சேரணும். அதுக்கு வாய்ப்பு மூணில் ஒரு பங்குதான். அதே அறியாமை, ரெண்டு பதில். எந்த அலகில் கேட்டாலும் பதில் மாறாத ஒரு பிரையரை 1946-ல் ஜெஃப்ரீஸ் எழுதினார். எங்க பட்டன் டெஸ்டில் இருந்த அந்த ‘அரை, அரை’ அங்கிருந்து வந்ததுதான். 1939-ல் வந்த அவரோட நிகழ்தகவுப் புத்தகத்தை அந்தத் தலைமுறைப் புள்ளியியல்காரங்க பெரும்பாலும் ஓரமா வைச்சாங்க. அதை மதிச்சு எடுத்தது அடுத்த தலைமுறைகள்தான்.

அடுத்த வருஷம், 1940-ல், பெர்தா ஸ்வர்ல்ஸைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். அவங்க குவாண்டம் இயற்பியலில் வேலை செய்தவங்க. ரெண்டு பேரும் சேர்ந்து எழுதின கணித இயற்பியல் பாடப்புத்தகம் 1946-ல் வந்து, பல தலைமுறை மாணவர்களைப் படுத்தி எடுத்தது.

சரி, இப்போ வேகனர். அவர் புத்தகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது 1924-ல். ஜெஃப்ரீஸின் ‘தி எர்த்’ புத்தகமும் அதே 1924-ல். வேகனர்கிட்ட ஆதாரம் நிறைய இருந்தது. கடலுக்கு ரெண்டு பக்கமும் ஒரே பாறை, ஒரே தொல்லுயிர், ஒரே பனிக்கட்டித் தடயம். ஆனா கண்டத்தைத் தள்ளுறது எதுன்னு கேட்டா, பூமி சுழல்றதால் வர்ற விசை, நிலா, சூரியனின் அலை இழுப்புன்னு சொன்னார். இதில்தான் மாட்டிக்கிட்டார். ஏன்னா அலை உராய்வில் அப்போ உலகத்திலேயே விஷயம் தெரிஞ்ச சிலரில் ஒருத்தர் ஜெஃப்ரீஸ். கண்டத்தை மேற்கே தள்ளுற அளவுக்கு அந்த விசை பெரிசா இருந்தா, ஒரே வருஷத்தில் பூமி சுழல்றதே நின்னு போயிடும்னு போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கு அன்னைக்கும் சரி, இன்னைக்கும் சரி. வேகனர் சொன்ன காரணம் தப்புதான். கண்டம் நகருதுங்கிறது மட்டும் சரி. ஒரு பக் இருக்குன்னு சரியாச் சொல்லிட்டு, தப்பான வரியைக் காட்டுறவங்களை நாம தினமும் பார்க்கிறோம், இல்லையா?

வேற காரணம் ஒண்ணு சீக்கிரமே வந்தது. ஆர்தர் ஹோம்ஸ், அவரும் டர்ஹம் மாவட்டத்துக்காரர், ஜெஃப்ரீஸை விட ஒரு வயசு மூத்தவர். மேன்டில் பாறை, அடுப்பில் வைத்த கஞ்சி மாதிரி மெதுவாச் சுழலுது, அந்தச் சுழற்சி கண்டத்தைச் சுமந்துட்டுப் போகுதுன்னு 1920-களின் கடைசியில் சொன்னார். ஜெஃப்ரீஸ் இதையும் ஏற்கல. மேன்டில் வழியா எஸ் அலை போகுது. எஸ் அலை திரவத்தில் போகாது. அப்போ மேன்டில் கெட்டி. கெட்டியான பொருள் எப்படிச் சுழலும்? அதோட, உள்ளே இருக்கிறது அவ்வளவு இளகினதா இருந்தா இமயமலை எப்படி இத்தனை காலம் நிற்குது?

இங்கேதான் விஷயத்தோட மையம். மேன்டில் கெட்டியா, இளகினதாங்கிற கேள்வியே முழுசில்லை. எவ்வளவு நேரத்துக்குங்கிறதையும் சேர்த்துக் கேட்கணும். ஒரு மெழுகுவர்த்தியை வேகமா மடக்குங்க, பட்டுன்னு உடையும். அதையே சித்திரை வெயிலில் அலமாரி ஓரத்தில் நீட்டி வைச்சுட்டு ஊருக்குப் போய் வாங்க, தலை குனிஞ்சு தொங்கும். ரெண்டும் அதே மெழுகுதான். நிலநடுக்க அலைக்கு மேன்டில் கெட்டி, ஏன்னா அந்த அலை சில நொடியில் வந்து போயிடும். கோடி வருஷக் கணக்கில் பார்த்தா அதே பாறை, சூட்டில், வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் நகருது. நகம் வளர்ற வேகம்.

ஜெஃப்ரீஸுக்கு இது தெரியாம இல்லை. அதனாலதான் எனக்கு அவர் மேல மரியாதை போகல. பாறை மெதுவா வளையும்னு ஒத்துக்கிட்டு, எப்படி வளையும்னு ஒரு சூத்திரம் வைச்சிருந்தார். சின்னா லோம்னிட்ஸ் என்கிறவர் அறை வெப்பநிலையில் பாறைத் துண்டுகளை வளைத்துப் பார்த்துச் சொன்ன விதியை 1950-களின் கடைசியில் எடுத்துத் திருத்தினார். நேரம் ஆக ஆக வளைவு கூடும், ஆனா கூடுற வேகம் குறைஞ்சுகிட்டே போகும். இந்த ஒரே சூத்திரம் சில நொடி நீடிக்கிற எஸ் அலை மங்குறதுக்கும் பொருந்தியது, பூமியின் அச்சு சுமார் 14 மாசத்துக்கு ஒரு முறை தள்ளாடுற சாண்ட்லர் ஆட்டம் அடங்குறதுக்கும் பொருந்தியது. நொடியிலிருந்து வருஷம் வரை ஒரே வளைவரை. எந்த இன்ஜினியரும் அதைப் பார்த்து மயங்கிடுவான். அந்த வளைவரையை அப்படியே 10 கோடி வருஷத்துக்கு நீட்டினார். நீட்டினா, மேன்டில் சுழலவே முடியாதுன்னு விடை.

ஆனா 1,000 டிகிரிக்கு மேல, கோடி ஆண்டுக் கணக்கில், பாறைக்குள் வேற மாதிரி ஊர்தல் தொடங்குது. அது அவரோட டேட்டா இருந்த எல்லைக்குள் கண்ணிலேயே படாது.

இப்போ என் கதை ஒண்ணு. முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், டீமில் புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு, நான் எழுதின சர்வீஸில் மெமரி லீக் இருக்குன்னு சொன்னாங்க. நான் 30 நிமிஷம் லோட் டெஸ்ட் ஓட்டி, கிராஃபைப் போட்டுக் காட்டினேன். கோடு தட்டையா இருந்தது. பொறுமையா, கொஞ்சம் மேதாவித்தனமாவும் விளக்கினேன். அவங்க மறுபடி கேட்டாங்க. அதே கிராஃபை மறுபடி காட்டினேன். சர்வர் 23-வது நாள், ஞாயித்துக்கிழமை விடியற்காலையில் விழுந்தது. கிராஃபில் தப்பே இல்லை. 30 நிமிஷத்துக்கு அது முழுக்க உண்மை.

கேம்பிரிட்ஜுக்குத் திரும்புவோம், ஏன்னா இந்தக் கதையின் வேடிக்கையே அதுதான். ஜெஃப்ரீஸைத் தோற்கடிச்ச ஆதாரத்தில் பெரும்பங்கு அவர் ஊரிலேயே, சைக்கிளில் போற தூரத்தில் உருவானது. 1963-ல் ஃபிரெட் வைன், டிரம்மண்ட் மேத்யூஸ் ரெண்டு பேரும், கடல் தரையில் இருக்கிற காந்தப் பட்டைகள் தரை ரெண்டு பக்கமும் விரியுறதோட பதிவுன்னு நேச்சர் இதழில் எழுதினாங்க. வைன் அப்போ ஆராய்ச்சி மாணவர். படிச்சது ஜெஃப்ரீஸோட அதே செயின்ட் ஜான்ஸ் கல்லூரி.

அடுத்தது இன்னும் நேரடி. தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் பொருந்துதுங்கிறதே கண்கட்டு, 15 டிகிரி இடிக்குதுன்னு ஜெஃப்ரீஸ் சொல்லிட்டு இருந்தார். கேம்பிரிட்ஜ் புவி இயற்பியல் துறையை நடத்திவந்த எட்வர்ட் புல்லார்ட், ஜிம் எவரெட், ஆலன் ஸ்மித் என்கிற ரெண்டு பேரோட சேர்ந்து, இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டாம், கம்ப்யூட்டரில் போடுவோம்னு இறங்கினார். கரையோரத்தை விட்டுட்டு, சுமார் 900 மீட்டர் ஆழத்தில் கண்டத்தின் உண்மையான விளிம்பை எடுத்து, உருண்டை மேல எந்த அச்சில் எவ்வளவு சுழற்றினா இடைவெளி குறைந்தபட்சம் ஆகும்னு தேடினாங்க. 1965-ல் வந்த அந்தப் படம் இன்னைக்கும் பாடப்புத்தகங்களில் இருக்கு. ரெண்டு கண்டமும் உடைஞ்ச தட்டின் ரெண்டு பாதி மாதிரி சேர்ந்து நிற்கும். 1967, 68 வாக்கில் தட்டுக் கோட்பாடு முழு வடிவத்துக்கு வந்துடுச்சு. அதில் முக்கியமான கையும் ஒரு கேம்பிரிட்ஜ் இளைஞர்தான், டான் மெக்கன்ஸி.

ஜெஃப்ரீஸ் அசையல. ‘தி எர்த்’ ஆறாம் பதிப்பு 1976-ல் வந்தது. அவருக்கு 85 வயசு. கண்டம் நகராதுங்கிற வாதம் அதிலும் இருந்தது.

ஏன்? எனக்குத் தோணுறதைச் சொல்றேன், நீங்க மறுக்கலாம். பாறை, தொல்லுயிர் ஆதாரத்தை அவர் எப்பவுமே ரெண்டாம் தர டேட்டாவாத்தான் எடை போட்டார். எண்ணாக வர்றதுதான் ஆதாரம். எண்ணெல்லாம் அவர் சூத்திரத்துக்குப் பொருந்தியது. கேம்பிரிட்ஜில் அவர் பாடத்தைக் கேட்ட டென்னிஸ் லிண்ட்லி, பிற்காலத்தில் பேயஸ் பக்கம் பெரிய ஆளானவர். ஒரு விஷயத்துக்கு பிரையர் பூஜ்யம்னு வைச்சுட்டா எவ்வளவு ஆதாரம் வந்தாலும் பூஜ்யமாவே இருக்கும், அதனால அப்படி வைக்காதேங்கிற விதிக்கு ‘கிராம்வெல் விதி’ன்னு பேர் வைச்சவர் அவர்தான். ஜெஃப்ரீஸ் நினைச்சு பூஜ்யம் வைக்கல. மேன்டில் சுழலாதுன்னு சூத்திரத்திலேயே எழுதிட்டார். அங்கே பூஜ்யம் பிரையர் மாதிரி தெரியாது, கணக்கோட விடை மாதிரி தெரியும்.

1980-களின் நடுவில், ரொம்ப தூரத்தில் இருக்கிற குவேசார்களின் ரேடியோ சிக்னலை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரே நேரத்தில் பிடிச்சு, ரெண்டு ஆன்டெனாவுக்கும் நடுவில் தூரம் வருஷத்துக்கு ரெண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவா கூடுதுன்னு நேரடியா அளந்துட்டாங்க. ஜெஃப்ரீஸ் அப்போ உயிரோட இருந்தார். 1989 மார்ச்சில், 97 வயசில், கேம்பிரிட்ஜில் இறந்தார்.

அந்தப் பொண்ணு லீக்கை ரெண்டு நாளில் சரி பண்ணிட்டாங்க. நான் அந்தக் கம்பெனியை விட்டு வந்தாச்சு. ஆனா அங்கே இருக்கிற ஒரு நண்பன் போன மாசம் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். டீம் விக்கியில் என் கிராஃப் இன்னும் இருக்கு. தலைப்பு, ‘மெமரி லீக் இல்லை: ஆதாரம்’. கீழே என் பேர்.